மூன்றாவது ராடின் எண்ணெய் வழி

இக்குறிப்பில் நான் கண்ணால் கண்டவற்றையும், கையால் தொட்டவற்றையும், இருவர் தனித்தனியே சொல்லி ஒத்துப்போனவற்றையும் மட்டுமே உறுதியாக எழுதுகிறேன். ஒருவர் மட்டும் சொன்னதை அவர் சொன்னதாகவே குறிப்பேன். ஊகத்தை ஊகம் என்றே சொல்வேன். இதில் ஓர் உயிர் போயிருக்கிறது. அதற்கு யார் பொறுப்பு என்பதைப் பலர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். அவர்கள் சொன்னவை எல்லாம் நம்பும்படியாகவே இருந்தன. ஆனால் உண்மையாக இல்லை. அந்தப் பிழையில் என் பங்காக ஒரு சொல்லும் சேரக் கூடாது என்பதே இவ்வளவு கட்டுப்பாட்டுக்குக் காரணம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். பட்டறை இருக்கும் தெருவைச் சொல்லப்போவதில்லை.

என் தொழில் வாகனச் சேத மதிப்பீடு. அதற்கு முன் பல ஆண்டுகள் என்ஜின்களைப் பிரித்துக் கோக்கும் பட்டறைகளில் வேலை பார்த்தேன். காப்பீட்டு நிறுவனம் அழைத்தால் சென்று, உடைந்தது எது, ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். யார் குற்றவாளி என்று எழுதுவது என் வேலையன்று. ஆனால் நான் எழுதும் ஒரு வரியிலிருந்து பிறர் அதைப் படித்துக்கொள்வார்கள்.

1. சாலையில் கிடந்த எண்ணெய்

தீபாவளி கழிந்து மழை பிடித்திருந்த காலம். தாம்பரம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் அருகிலுள்ள தொழிற்கூடத்துக்கு நாள்தோறும் செல்லும் வேன் ஒன்று, வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையின் நடுவே திடீரென்று நின்றுவிட்டது. விடிந்தும் விடியாத நேரம், மழை. ஓட்டுநர் சேவியர் எல்லாரையும் இறங்கச் சொன்னான். இறங்கிய பெண்கள் அனைவரும் இதை ஒரேபோலச் சொன்னார்கள். கலைவாணி என்ற ஒரு பெண் மட்டும் வண்டிக்குள் இருந்தபோது பின்னால் வந்த லாரி மோதியது. அவள் அங்கேயே இறந்தாள்.

வேன் நின்ற இடத்தில் சாலை முழுவதும் எண்ணெய். என்ஜினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு பிஸ்டனை அச்சோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் அளவைக் காட்டும் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தவர்கள் அதில் ஒரு சொட்டும் இல்லை என்று கண்டார்கள். உடைந்த துளை வழியாக எல்லா எண்ணெயும் கொட்டிய பிறகு குச்சியில் எண்ணெய் எப்படி இருக்கும் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. "ஆயில் இல்லாமல் ஓட்டிவிட்டான்" என்ற பேச்சு அன்று மாலைக்குள் காவல் நிலையத்திலும், தொழிற்கூடத்திலும், கலைவாணியின் வீட்டிலும் நிலைத்துவிட்டது.

சேவியரை முதலில் நான் பார்த்தது காவல் நிலைய வாசலில். முப்பது வயதுக்குள் இருப்பான். நெற்றியில் கட்டு.

"சார், லைட்டு எரில சார். சத்தியமா எரில. ஆயில் லைட்டு எரிஞ்சிருந்தா ஓரங்கட்டியிருக்க மாட்டனா? வண்டி நெறைய பொம்பளைங்கள வச்சிகினு எவன்னா அப்டி ஓட்டுவானா?"

அருகில் நின்ற வேன் உரிமையாளர் என்னிடம் திரும்பினார். "என்ஜின் வேலை பாத்து முழுசா ரெண்டு மாசம் ஆவல சார். புதுசாட்டம் இருந்த என்ஜின் தானா வெடிக்குமா? இவன் காதுல ஒயர மாட்டிகினு பாட்டு கேட்டுகினு போயிருப்பான்."

"அண்ணா, என் போன்ல பாட்டே கெடயாதுண்ணா. உனக்கே தெரியும்."

"எனக்கு இன்னா தெரியும்? அந்தப் பொண்ணோட அம்மா என் வூட்டு வாசல்ல வந்து குந்திகினு கீது. அதான் எனக்குத் தெரியும்."

சேவியர்மேல் வழக்கு பதிவாகியிருந்தது. வண்டி ஏன் நின்றது என்பதற்கான விடை, அவன் சிறைக்குப் போவானா மாட்டானா என்பதற்கும் விடையாக இருந்தது.

2. வரிசையாக அடுக்குதல்

என்ஜினைப் பிரிக்க வேண்டியிருந்தது. இறக்குவதற்கு வசதியும் கருவிகளும் இருந்ததால், அதை முன்பு கோத்த பட்டறைக்கே கொண்டுபோனோம். மேற்குத் தாம்பரத்தில், நான்கைந்து பேர் வேலை செய்யும் இடம். உரிமையாளர் வரதன் படித்தவர், நிதானமாகப் பேசுபவர். தலைமை ஃபிட்டர் ஏகாம்பரம். காவல் துறையின் சார்பில் ஓர் உதவி ஆய்வாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சேவியரும் வரட்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அவன் கதவோரம் நின்றான்.

பேரிங் என்பது சுழலும் பாகத்தைச் சுற்றி இரண்டு பாதிகளாகப் பொருந்தும் மென் உலோக வளையம். தேய்ந்த பேரிங்கைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் கழற்றி, இருந்த வரிசையிலேயே, மேல் பாதி மேலும் கீழ்ப் பாதி கீழுமாகத் தாளின் மேல் பரப்ப வேண்டும். ஒரு பேரிங் எப்படிக் கெட்டது என்பதை அதன் பக்கத்துப் பேரிங்குகள்தாம் சொல்லும்.

"இன்னா சார், தோசை சுட்டு அடுக்கற மாரி அடுக்கறீங்க?" என்றார் ஏகாம்பரம். "சட்னி வைக்கட்டா?"

உதவி ஆய்வாளர் சிரித்தார். நான் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

எண்ணெயில் மண்ணோ இரும்புத் துகளோ கலந்தால் எல்லாப் பேரிங்குகளிலும் நீளக் கோடுகள் விழும். துகள்கள் மென் உலோகத்தில் பதிந்து கிடக்கும். வெள்ளத்தில் மூழ்கிய என்ஜினைச் சரியாகக் கழுவாமல் ஓட்டினால் மேற்பரப்பு கறுத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். முடிச்சூர்ப் பக்கம் மழைக்காலம் முடிந்தபின் அப்படிப்பட்டவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். ராடு வளைந்திருந்தால் ஒரு பேரிங்கின் இரண்டு எதிர் ஓரங்கள் மட்டும் தேயும். என்ஜினில் எண்ணெயே குறைந்துபோனால் ஒரு பேரிங் மட்டும் கெடாது. ஒன்று முற்றிலும் போய்விட்டாலும் மற்றவை பளபளத்துச் சிவந்து, தாங்களும் பட்டினி கிடந்ததைக் காட்டும்.

இங்கே என்ஜினின் சுழலும் அச்சான கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் ஐந்தும் நன்றாக இருந்தன. ராடுகளின் அடிப்பகுதியில் இருக்கும் பேரிங்குகள் நான்கில், முதலாவதும் இரண்டாவதும் நான்காவதும் சாம்பல் நிறம் மாறாமல், புதிதாகக் கோத்த என்ஜினில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தன. மூன்றாவது மட்டும் பேரிங் என்றே சொல்ல முடியாதபடி, கருகி, தகடாக நசுங்கி, இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. அந்த ராடின் போல்ட்டுதான் அறுந்திருந்தது.

"சார்," என்று உதவி ஆய்வாளரை அழைத்தேன். "இந்த என்ஜினில் ஆயில் இருந்திருக்கிறது. மூன்றாவது ராடுக்கு மட்டும் போகவில்லை."

"அப்போ லைட்டு எரிஞ்சிருக்கணுமே?"

"எரிந்திருக்காது. அந்த விளக்கு பொதுக்குழாயில் இருக்கும் அழுத்தத்தைத்தான் பார்க்கும். எந்தப் பேரிங்குக்கு எண்ணெய் போகவில்லை என்று அதற்குத் தெரியாது."

கதவோரத்தில் சேவியர் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஏகாம்பரம் அதற்குப் பின் ஒரு வேடிக்கையும் பேசவில்லை.

3. கம்பி போகாத துளை

கிராங்க் ஷாஃப்டின் உள்ளே எண்ணெய் செல்வதற்குச் சாய்வான துளைகள் உண்டு. மெயின் ஜர்னல் என்னும் உருண்டைப் பகுதியில் புகும் எண்ணெய், அத்துளை வழியே ராடு பொருந்தும் இடத்துக்கு வந்து சேரும். வளையும் கம்பி ஒன்றை ஒவ்வொரு துளையிலும் விட்டுப் பார்த்தேன். மற்ற மூன்று ராடுகளுக்கும் கம்பி தாராளமாகப் போய் மறுபக்கம் வந்தது. மூன்றாவதில் வரவில்லை.

இதில் அவசரப்படக் கூடாது. உருகிய பேரிங் உலோகமே துளையின் வாயை மெழுகி அடைத்துவிடும். அப்படி அடைத்தது விளைவே அன்றிக் காரணமாகாது. ராடுப் பக்கத்து வாயில் அத்தகைய உலோகம் இருந்தது. அதை ஊசியால் சுரண்டி எடுத்தேன். அதற்கப்பாலும் கம்பி போகவில்லை. எதிர்ப்பக்கம், மெயின் ஜர்னலின் வழியாக விட்டபோது உள்ளே ஓரிடத்தில் முட்டியது. நுனி வளைத்த கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக நெருடி எடுத்ததில், வெளிர்மஞ்சளாக, பழுப்பேறிய, கெட்டியான ஒரு பொருள் துண்டுகளாக வெளியே வந்தது.

"கேஸ்கெட் பேஸ்ட்டா?" என்று வரதன் கேட்டார். பட்டறைகளில் கசிவைத் தடுக்க அதிகமாகத் தடவிய பேஸ்ட் பிதுங்கி எண்ணெய் வழியை அடைப்பது வழக்கமான விபத்துத்தான். எனக்கும் முதலில் அதுவே தோன்றியது. ஆனால் பேஸ்ட் ரப்பர்போல் இழுபடும். இது உதிர்ந்தது. ஒட்டியிருந்த எண்ணெயைப் பெட்ரோலில் கழுவி, ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டேன். சற்று நேரத்தில் அது குழைந்து, மாவுபோல் அடியில் படிந்தது. அந்த மாவில் சிவப்பாக ஏதோ இருந்தது.

நான் தலையை நிமிர்த்தியபோது எதிரே கிரைண்டிங் மிஷினின் மூடியில் ஒரு சந்தனப் பொட்டும் அதன் நடுவே குங்குமமும் காய்ந்து கிடந்தன. லேத்தில் ஒன்று. டிரில்லிங் மிஷினில் ஒன்று. சுவரில் மாட்டிய ஸ்பேனர் பலகையில் வரிசையாகப் பல. ஆயுத பூஜைக்கு வைத்தவை. மறு ஆண்டு வரை யாரும் துடைப்பதில்லை. எந்தப் பட்டறையிலும் அப்படித்தான். ஆகவே அதுவரை அவை என் கண்ணில் பட்டும் படாமலே இருந்திருக்கின்றன.

லேத்திலிருந்த பொட்டில் கொஞ்சம் சுரண்டி இன்னொரு கிண்ணத் தண்ணீரில் போட்டேன். அதுவும் அவ்வாறே குழைந்தது, அவ்வாறே படிந்தது.

பிறகு நான் ஏகாம்பரத்திடம் கேட்டேன். "இந்த கிராங்க் பூஜை அன்று எங்கே இருந்தது?"

"ஸ்டாண்டுல, சார். நின்னுகினு இருந்துச்சு."

"கழுவியா?"

"கழுவாம பூஜைக்கு வைப்பமா சார்? மொத நாளே டீசல்ல கழுவி, தொளைக்கெல்லாம் கம்பி வுட்டு, ஏர் அடிச்சி வச்சேன். அப்புறம் லீவு. லீவு முடிஞ்சி வந்து கோத்தேன். பளபளன்னு இருக்குது. அதப் போயி மறுபடி எதுக்குக் கழுவறது?"

"பொட்டு இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. துணியால தொடச்சிட்டேன் சார்." அவர் நிறுத்தினார். தம் வலக்கைக் கட்டைவிரலைப் பார்த்தார். அந்த விரலால்தான் துடைத்திருக்க வேண்டும். "மேலால இருந்தத தொடச்சிட்டேன்."

பூஜைக்காகவே நன்றாகக் கழுவினார்கள். நன்றாகக் கழுவியதனாலேயே திரும்பக் கழுவவில்லை. மேலே இருந்ததைத் துணி எடுத்துவிட்டது. துளைக்குள் இருந்ததை உள்ளே தள்ளிவிட்டது. வழி முழுதும் அடைபட்டிருந்தால் என்ஜின் சில நிமிடங்களுக்கு மேல் தாங்கியிருக்காது. எனவே தொடக்கத்தில் கொஞ்சம் எண்ணெய் அதைக் கடந்து சென்றிருக்க வேண்டும். பின்னர் அது நகர்ந்து, குறுகலான இடத்தில் இறுகியிருக்க வேண்டும். இது ஊகம்.

4. ஒரு வரி

வரதன் என்னைத் தனியே அழைத்தார்.

"சார், உங்களுக்குத் தெரியாதது இல்ல. ரிப்போர்ட்ல 'ஆயில் ஸ்டார்வேஷன்'னு மட்டும் எழுதுங்க. அது பொய் இல்லையே? மூணாம் நம்பருக்கு ஆயில் போகல, அவ்வளவுதானே? மிச்சத்த எழுதினா இந்த இடத்த மூடிட்டுப் போக வேண்டியதுதான். அஞ்சு குடும்பம் சார்."

அவர் சொன்ன வரி பொய்யன்று. ஆனால் அதை அப்படியே நிறுத்தினால் படிப்பவர் ஒவ்வொருவரும் ஆயில் குச்சியைத்தான் நினைப்பார்கள். கதவோரம் நிற்பவனைத்தான் பார்ப்பார்கள். எங்கே, எதனால், எப்போது என்ற மூன்றும் இல்லாத வாக்கியத்தில் நான் கையெழுத்திட முடியாது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஆமா, நீங்க அப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆனால் உதவி ஆய்வாளருக்கு இன்னொரு கேள்வி இருந்தது. அது நியாயமான கேள்வி.

"சரி சார், லைட்டு எரியாது, ஒத்துக்கறேன். ஆனா ராடு வெளிய வர்ற வரைக்கும் சத்தமே இல்லாமலா இருந்திருக்கும்? இவன் காது என்ன ஆச்சு?"

சத்தம் இருந்திருக்கும். பேரிங் தளர்ந்தால் என்ஜின் அடிவயிற்றிலிருந்து கனமாக அடிப்பதுபோல் கேட்கும். மேடு ஏறும்போது கூடும். வேனில் வந்த பெண்களும் சில நாள்களாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தது என்று சொல்லியிருந்தார்கள்.

சேவியர் முதன்முறையாகக் குரலை உயர்த்தினான். "சத்தம் கேட்டுச்சு சார்! அதுக்குத்தான் வண்டிய இங்க எடுத்தாந்தேன். சத்தம் கேட்ட அதே வாரத்துல. ஏகாம்பரம் அண்ணன்தான் பாத்துச்சு. வேற யாரும் இல்ல அப்போ. டாப்பெட் சத்தம், புது என்ஜின், ஓட ஓட செட்டாயிடும், போடா மச்சான்னு அனுப்பிச்சு."

"இதை ஏன் முன்னமே சொல்லல?" என்றார் உதவி ஆய்வாளர்.

"சொன்னேன் சார். மொத நாளே சொன்னேன். எவன் எழுதிகினான்?"

எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தோம். வரதன் உள்ளேயிருந்து வந்து வாசலில் நின்றார். சேவியர் வந்ததற்கு வேறு சாட்சி இல்லை. ஏகாம்பரம் 'வரவில்லை' என்று சொல்லியிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். சத்தம் கேட்டும் ஓட்டியவன் என்று சேவியர்மேல் குற்றம் நின்றிருக்கும். என் அறிக்கையால் அதை அசைக்க முடியாது. தாளின்மேல் அடுக்கிய பேரிங்குகளில் அதற்கு விடை இல்லை.

ஏகாம்பரம் கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்தார்.

"வந்தான் சார்."

"ஏகாம்பரம்," என்றார் வரதன்.

"இல்ல சார். வந்தான். பானட்ட தெறந்து ஒரு தபா ரேஸ் குடுத்து பாத்தேன். டாப்பெட்னுதான் நெனச்சேன். நான்தான் ஓட்டச் சொன்னேன்." பிறகு என்னிடம், "இன்ஜெக்டர் பைப்ப லூஸ் பண்ணிப் பாத்திருக்கணும். தெரியாம இல்ல சார். சாப்பாட்டு டைம்."

அவர் சொன்னது சரி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு வேலை இருக்காது. மூன்றாவதைத் தளர்த்தியதும் சத்தம் குறைந்திருந்தால், கோளாறு என்ஜின் தலைப்பகுதியில் வால்வுகளை அசைக்கும் டாப்பெட்டில் இல்லை என்று அங்கேயே தெரிந்திருக்கும். வண்டி அன்றே பட்டறையில் நின்றிருக்கும்.

உதவி ஆய்வாளர் எழுதிக்கொண்டார். நானும் என் அறிக்கையை எழுதினேன். சேவியர்மேல் இருந்த வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஏகாம்பரத்தின்மேல் பதிவானது. அது எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவர் இப்போது அந்தப் பட்டறையில் இல்லை.

5. இளையவர்களுக்கு

இத்தொழிலுக்கு வருபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். கிராங்க் ஷாஃப்டைக் கழுவ வேண்டிய நேரம், அதைக் கோப்பதற்குச் சற்று முன்புதான். நேற்றுக் கழுவியது இன்றைக்குக் கணக்கில்லை. மேற்பரப்பின் பளபளப்பு உள்ளே இருக்கும் வழியைப் பற்றி எதையும் சொல்லாது. ஒவ்வொரு துளையிலும் கம்பி போய் மறுபக்கம் வருவதைக் கோப்பவர் அல்லாத இன்னொருவர் பார்க்க வேண்டும். பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. வரதனின் பட்டறையில் இப்போது திறந்த பாகங்களைப் பாலிதீன் உறையில் கட்டி, பொட்டை உறையின்மேல் வைக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன்.

இதனுடன் முடித்திருப்பேன். ஆனால் சில மாதங்களுக்குப் பிறகு, வேறொரு வேலையாகச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் சென்றிருந்தபோது சேவியரைப் பார்த்தேன். ஒரு தொழிற்கூட வாசலில் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். வேன் ஓட்டுவதில்லை என்றான். லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டதே என்றேன்.

"கெடச்சிடுச்சு சார். வூட்டுல கீது." தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். "சார், ஒண்ணு கேக்கணும். நீங்க தோண்டி எடுத்தீங்களே, அது எந்தப் பக்கம் சார்? நடுவாலயா, ஓரமாவா?"

"ஏன் கேட்கிறாய்?"

"பூஜை அன்னிக்கு நானும் போயிருந்தேன் சார், பொரி வாங்க. கிராங்கு பொதுவுல நின்னுச்சா, வந்தவங்க எல்லாம் ஆளுக்கொரு பொட்டு வச்சிகினு இருந்தாங்க. நான் சர்ச்சுக்குப் போறவன், சும்மா ஓரமா நின்னேன். ஏகாம்பரம் அண்ணன்தான் தட்ட நீட்டி, 'உன் வண்டி கிராங்குடா, நீ வைக்காம யாரு வைப்பா'ன்னுச்சு. ஒண்ணு வச்சேன்."

துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டான்.

"நடுவாலதான் வச்சேன்னு ஞாபகம் சார்."

அந்தத் துளை நடுப்பகுதியை ஒட்டியதுதான். அங்கே எத்தனை பேர் பொட்டு வைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது என்றேன். ஏகாம்பரம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டதால் எது எங்கே இருந்தது என்று இனி அறிய வழியில்லை என்றேன்.

"அப்போ நானா கூட இருக்கலாம். இல்ல சார்?"

'இல்லை' என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நான் சொல்லவில்லை. உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வரேன் சார்" என்று போய்விட்டான்.

இந்த நிகழ்வில் எனக்குத் தெரியாமல் நின்றுபோனவை இரண்டு. எல்லாரும் இறங்கிய பின்னும் கலைவாணி ஏன் வண்டிக்குள் இருந்தாள் என்பது தெரியாது. குடையை எடுக்கத் திரும்பினாள் என்று ஒரு பெண்ணும், துப்பட்டா இருக்கையில் மாட்டிக்கொண்டது என்று இன்னொரு பெண்ணும் சொன்னார்கள். அந்தத் துளையின்மேல் சந்தனம் வைத்த விரல் யாருடையது என்பதும் தெரியாது.